திட்டமில்லாமல் போக முடிந்த பூங்கா

புளோரிடாவில் ஒர்லாண்டோவுக்கு அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகளை அழைத்துப்போக விரும்பும் பெற்றோருக்குப் பல வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் இடம்பிடிக்க 60 நாள் முன்னதாகப் பதிவு திறக்கிறது. எந்தத் தேதிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து நுழைவுச்சீட்டின் விலை மாறுகிறது. நீண்ட வரிசைகளைத் தவிர்க்க உதவும் கட்டணப் பாதைக்கு, டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்னதாகவும் மற்றவர்கள் 3 நாள் முன்னதாகவும் காலை 7 மணிக்கு மொபைலும் கையுமாக உட்கார வேண்டும். எந்த ரைடுக்கு எத்தனை மணிக்கு, சின்னவளின் தூக்கம் எப்போது, பெரியவனின் உயரம் போதுமா என்று ஒரு அட்டவணையே வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கிறவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது: பூங்கா பெரியது, கூட்டம் அதிகம், ஆகவே திட்டமிட்டுத்தான் ஆக வேண்டும். இந்த விளக்கம் போதாது என்று நினைக்கிறேன். கூட்டமும் வரிசையும் கேளிக்கைப் பூங்காக்கள் தோன்றிய நாளிலிருந்தே உண்டு. அந்த வரிசையைச் சமாளிப்பது யார் பொறுப்பு என்பதுதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. நெடுங்காலம் அது பூங்காவை நடத்துகிறவர்களின் தலைவலியாக இருந்தது. நுழைவுச்சீட்டைப் பற்றி எடுக்கப்பட்ட சில முடிவுகளால் அது படிப்படியாகப் பெற்றோரின் தலைக்கு மாறியது. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தால், இன்றைய அட்டவணை தவிர்க்க முடியாததாகத் தோன்றாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் நிறுவனங்கள் தங்கள் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் பூங்காக்களை அமைத்தன. வேலைநாட்களில் நிரம்பி வழிந்த வண்டிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக ஓடின. ஊருக்கு வெளியே ஒரு தோப்பு, ஒரு குளம், ஒரு குடைராட்டினம், நடன மேடை என்று வைத்துவிட்டால் விடுமுறை நாளிலும் டிராமில் ஆள் ஏறும் என்பது கணக்கு. பிட்ஸ்பர்க் அருகே 1898-இல் தொடங்கிய கென்னிவுட் அப்படிப் பிறந்தது, இன்றும் இயங்குகிறது. அங்கே லாபம் டிராம் கட்டணத்திலிருந்து வந்ததால், உள்ளே வருகிறவர்கள் ராட்டினத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். மழை வந்தால் அடுத்த டிராமில் திரும்பிவிடலாம்.

நியூயார்க்கின் கோனி தீவு இதைவிட வலுவான சான்று. 1895-இல் பால் பாய்ட்டன் அங்கே வேலி போட்டு, வாசலில் காசு வாங்கும் பூங்காவைத் திறந்தார். இரண்டு ஆண்டுகளில் ஜார்ஜ் டில்யூ தன் ஸ்டீபிள்சேஸ் பூங்காவுக்கு வேலி எழுப்பி, 25 சென்ட் கூட்டுச் சீட்டு ஒன்றில் உள்ளே இருந்த விளையாட்டுகள் பலவற்றை அடக்கினார். குடிகாரர்களையும் சூதாடிகளையும் வெளியே நிறுத்திக் குடும்பங்களை உள்ளே வரவழைப்பது அந்த வேலியின் நோக்கம். 1920-இல் சுரங்க ரயில் கோனி தீவை எட்டியதும் 5 சென்ட்டுக்கு நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் கடற்கரைக்கு வந்துவிட முடிந்தது. கோடைகால ஞாயிறுகளில் பத்து லட்சம் பேர் வரை கூடினார்கள். கால் வைக்க இடமில்லாத மணலின் புகைப்படங்களை இன்றும் பார்க்கலாம். ஒரே நாளில் இவ்வளவு பேர் கூடும் பூங்கா இப்போது எங்குமே இல்லை. இருந்தும் அங்கே போன தையல் தொழிலாளியின் குடும்பம் எதையும் முன்பதிவு செய்யவில்லை. எந்த வரிசையில் முதலில் நிற்பது என்று முந்தின வாரம் யோசிக்கவும் இல்லை. ஒரு நாள் வீணாய்ப் போனால் இழப்பு சில சென்ட்டுகள்தான். அடுத்த ஞாயிறு இன்னொரு நாள் இருந்தது. கூட்டம் மட்டுமே பெற்றோரைத் திட்டம் போட வைக்காது. போன காசும் போன நாளும் திரும்பி வராது என்ற அச்சம் அதோடு சேர வேண்டும்.

அந்த அச்சத்துக்கு அடித்தளம் 1955-இல் கலிபோர்னியாவில் இடப்பட்டது. யாரும் அதை நோக்கமாகக் கொண்டிருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் இருவரும் குடைராட்டினத்தில் சுற்ற, தான் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து மகிழும் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி பலமுறை சொல்லியிருக்கிறார். அவரது நோக்கத்தைச் சந்தேகிக்கக் காரணமில்லை. இடத்தைத் தேர்ந்த விதம்தான் புதிது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் ஹாரிசன் பிரைஸ் 1953-இல் மக்கள்தொகை எந்தப் பக்கம் நகர்கிறது, புதிய விரைவுச்சாலை எங்கே வருகிறது என்று கணக்கிட்டு அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பைக் காட்டினார். டிராம் கடைசி நிறுத்தத்தில் இருந்த பூங்கா, பெரும்பாலும் காரில் போக வேண்டிய தூரத்துக்குப் போனது. பணம் ஏபிசி தொலைக்காட்சியிடமிருந்து வந்தது: 5 லட்சம் டாலர் முதலீடு, 45 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதம். பதிலுக்கு டிஸ்னி வாராந்திர நிகழ்ச்சி ஒன்றைத் தந்தார். 1954 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சிக்கு டிஸ்னிலாண்டு என்ற பூங்காவின் பெயரே வைக்கப்பட்டது. பூங்காவின் நான்கு பகுதிகளே நிகழ்ச்சியின் நான்கு பிரிவுகள். வாசல் திறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே நாடெங்கும் இருந்த குழந்தைகளுக்கு உள்ளே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. கோனி தீவுக்குப் போன குழந்தை கண்ணில் பட்டதைக் கேட்டது. டிஸ்னிலாண்டுக்குப் போன குழந்தை எதைக் கேட்க வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தது. ஒரு பட்டியலோடு வரும் குழந்தையை ஏமாற்றாமல் திருப்பி அழைத்துப்போக வேண்டிய பொறுப்பு பெற்றோர் மேல் அன்று விழுந்தது.

ஆனாலும் அன்றைய டிஸ்னிலாண்டில் பெற்றோரின் வேலை இலகுவாகத்தான் இருந்தது. நுழைவு பெரியவர்களுக்கு 1 டாலர், குழந்தைகளுக்கு 50 சென்ட். உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் 10 முதல் 35 சென்ட் வரை தனியாக, நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினக்காரரிடம் காசு கொடுத்து ஏறுவதைப் போலவே. சில மாதங்களில், 1955 அக்டோபரில், டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சிறு காகிதச் சீட்டுகளைச் சேர்த்துத் தைத்த புத்தகம். ரைடு வாசலில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். அடுத்த ஆண்டு டி சேர்ந்தது. 1959-இல் மேட்டர்ஹார்ன் மலை ரோலர் கோஸ்டரும் மோனோரயிலும் நீர்மூழ்கிக் கப்பலும் வந்தபோது இ சேர்ந்தது. ஏ சீட்டில் கிடைத்தது மெயின் ஸ்ட்ரீட்டில் ஓடிய குதிரை டிராம் மாதிரியான சவாரி. இ சீட்டுக்குத்தான் அடிதடி. இதிலும் திட்டமிட வேண்டியிருந்ததே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான்; இருக்கிற இ சீட்டுகளை எதற்குச் செலவிடுவது என்று குடும்பங்கள் வாதாடின, பயன்படாத ஏ சீட்டுகள் வீட்டு அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. ஆனால் அந்த யோசனை பூங்காவுக்குள் நடந்தது. சீட்டு குழந்தையின் கையில் இருந்தது. அண்ணனிடம் ஒரு இ-யைக் கொடுத்து இரண்டு சி வாங்கிக்கொள்ளலாம்; ரைடின் வாசல்வரை போய், பயம் வந்தால் திரும்பிவிடலாம்; சீட்டு கையிலேயே இருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்குப் புரிகிற கணக்கு அது. பூங்காவுக்கும் அதில் ஒரு வசதி இருந்தது. கையில் மிஞ்சிய ஏ, பி சீட்டுகள் கூட்டத்தைச் சிறிய சவாரிகளின் பக்கம் தாமாகவே திருப்பிவிட்டன. வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையை விலையே செய்தது. அந்த விலையை யோசித்து அமைத்தது பூங்கா.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். பறக்கும் யானை டம்போ ராட்டினத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதில் பத்து யானைகள். யானைக்கு இரண்டு பேர் என்றால் ஒரு சுற்றுக்கு இருபது பேர். ஏற்றி, பெல்ட் போட்டு, சுற்றி, இறக்க மூன்று நிமிடம்தான் ஆகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மணிக்கு 400 பேருக்கு மேல் போக முடியாது. எல்லாச் சின்னக் குழந்தைகளும் ஏற விரும்புகிற ரைடு இது. ஒரு மணி நேரத்துக்கு மிகக் குறைந்த பேரை ஏற்றுகிற ரைடுகளில் ஒன்றும் இதுவே. வெயிலில் நிற்க முடியாத வயதினர்தான் அதிக நேரம் நிற்க வேண்டியிருந்தது. டிஸ்னியின் பொறியாளர்கள் இதை எந்திரத்தின் குறையாகப் பார்த்தார்கள். 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அவர்கள் அமைத்த படகுச் சவாரியில், தண்ணீரின் ஓட்டமே படகுகளைத் தள்ளிக்கொண்டு போனதால் ஒன்றின் பின் ஒன்றாக இடைவிடாமல் ஆட்களை ஏற்ற முடிந்தது. பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடும் அந்தச் சவாரி 1966-இல் டிஸ்னிலாண்டுக்கு வந்தது. அதே உத்தியில் 1967-இல் கடற்கொள்ளையர் சவாரி திறந்தது. நிற்காமல் நகரும் சங்கிலியில் கோத்த இருக்கைகளோடு 1969-இல் பேய் மாளிகை திறந்தது. இவை ஒவ்வொன்றும் மணிக்கு 2,000 பேருக்கு மேல் விழுங்கக்கூடியவை. டம்போவைப் போல ஐந்து மடங்கு. அங்கே நிற்கிற வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். குழந்தையைத் தோளில் வைத்திருக்கும் தகப்பனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். காத்திருப்பைக் குறைக்க இருக்கைகளைப் பெருக்கு என்பது அறுபதுகளின் விடை. அதற்கான செலவையும் யோசனையையும் பூங்காவே ஏற்றது.

திருப்பம் வாசல் விலையில் வந்தது. டெக்சாஸில் 1961-இல் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா 2.75 டாலர் வாங்கிக்கொண்டு எல்லா ரைடுகளையும் திறந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே 1971-இல் வந்த மேஜிக் மவுன்டனும் அதே வழி. அதே ஆண்டில் பொருளாதார அறிஞர் வால்ட்டர் ஓய், டிஸ்னிலாண்டையே உதாரணமாக வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். வாசலில் நிறைய வாங்கிவிட்டு ரைடுகளை இலவசமாக விடுவதா, வாசலைத் திறந்துவிட்டு ரைடுக்கு நிறைய வாங்குவதா என்பது கேள்வி. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆர்வமுடையவர்கள் என்றால், ரைடை ஓட்ட ஆகும் செலவை மட்டும் ரைடுக்கு வாங்கி, மீதி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கிவிடுவது உரிமையாளருக்கு அதிக லாபம் என்று அவர் காட்டினார். 1982-இல் டிஸ்னிலாண்டும் டிக்கெட் புத்தகத்தைக் கைவிட்டு ஒரே விலைக்கு மாறியது. அப்போது பெரியவருக்கு 12 டாலர். இந்த மாற்றத்தில் உண்மையான நன்மை ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ரைடுக்கு ரைடு காசு என்றால், பணம் குறைந்த வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு வாசலிலும் ‘வேண்டாம்மா’ என்ற சொல்லைக் கேட்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே விலை அந்த அவமானத்தைத் துடைத்தது. உள்ளே வந்துவிட்டால் எல்லாக் குழந்தைகளும் சமம்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது; அது காசாகக் கண்ணில் படவில்லை. ரைடின் விலை பூஜ்யமானதும் எல்லாரும் பெரிய ரைடுகளின் வாசலுக்கே போனார்கள். சீட்டு செய்துகொண்டிருந்த பங்கீட்டை இப்போது காத்திருப்பு செய்ய வேண்டியதாயிற்று. காசுக்குப் பதில் நேரம் விலையானது. வாசலில் கொடுத்த பணம் திரும்பாது என்பதால், கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பெற்றோரின் மனத்தில் கணக்காக ஓடத் தொடங்கியது. எண்பதுகளில் டிஸ்னி பூங்காக்களுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள் பெருகியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவற்றில் பாப் செலிங்கரின் அதிகாரபூர்வமற்ற வழிகாட்டி, கதவு திறந்ததும் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், பத்து மணிக்கு எங்கே இருக்க வேண்டும், சின்னக் குழந்தைகள் இருந்தால் எந்த வரிசையை எப்போது தொட வேண்டும் என்று நிமிடக் கணக்கில் திட்டம் வகுத்துக் கொடுத்தது. அறுபதுகளில் பொறியாளர்கள் யோசித்த கேள்வியை எண்பதுகளில் பெற்றோர் சமையலறை மேசையில் யோசித்தார்கள்.

1999-இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இந்த இடமாற்றத்தை அதிகாரபூர்வமாக்கியது. ரைடின் அருகே இருக்கும் எந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால் ஒரு சிறு காகிதம் வரும். அதில் குறித்த நேரத்தில் வந்தால் குறுகிய வரிசையில் ஏறலாம். குடும்பத்தில் வேகமாக நடக்கக்கூடிய ஒருவர் எல்லாருடைய சீட்டையும் வாங்கிக்கொண்டு எந்திரத்தை நோக்கி ஓடுவது பூங்காக்களின் வழக்கமான காட்சியானது. இதை ஆதரிக்கிறவர்களின் வாதம் வலுவானது. வெயிலில் நிற்கும் நேரத்தைக் குழந்தை வேறு எதிலாவது செலவிடலாமே, அதில் என்ன தவறு? தவறில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. ஃபாஸ்ட்பாஸ் ஒரு இருக்கையைக்கூடக் கூட்டவில்லை. மணிக்கு 1,500 பேர் ஏறும் ரைடில் அதற்குப் பிறகும் 1,500 பேர்தான் ஏறினார்கள். முன்பு வந்த வரிசைப்படி கிடைத்தது, இப்போது முன்யோசனை உள்ளவருக்கு முதலில் கிடைத்தது. அவர்கள் முந்திய ஒவ்வொரு முறையும் சாதாரண வரிசை அந்த அளவுக்குப் பின்வாங்கியது. விவரம் தெரியாமல் வந்த குடும்பம், முதல்முறை வந்த குடும்பம், ஆங்கிலம் சரளமாக வாசிக்காத குடும்பம் ஆகியவற்றின் நேரத்திலிருந்துதான் விவரம் தெரிந்தவர்களின் சேமிப்பு வந்தது. அதனால் எல்லாரும் விவரம் தெரிந்தவர்களாக வேண்டியதாயிற்று.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013 தொடங்கிப் புளோரிடாவில் காகிதம் போய், கைப்பட்டையும் செயலியும் வந்தன. விடுதியில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்னதாகவும் மற்றவர்கள் 30 நாள் முன்னதாகவும் ரைடு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்றானது. 2016-இலிருந்து நுழைவுச்சீட்டே நாளுக்கு நாள் விலை மாறத் தொடங்கியது. 2024 அக்டோபரில் கலிபோர்னியா டிஸ்னிலாண்டின் ஒரு நாள் சீட்டு, ஆள் வராத நாளில் 104 டாலர், கூட்ட நாளில் 206 டாலர். கொரோனாவுக்குப் பின் 2021-இல் இலவச ஃபாஸ்ட்பாஸ் மீண்டும் வரவில்லை. வரிசையைத் தாண்டும் உரிமை நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலரில் தொடங்கி விற்பனைக்கு வந்தது. ஒரே விலை துடைத்த அவமானம் இப்படிச் சுற்றி வளைத்து உள்ளே வந்துவிட்டது. பக்கத்துப் பாதையில் இன்னொரு குழந்தை வேகமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி மீண்டும் பெற்றோரிடமே வந்து சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டால் அதிகம் இழப்பது சின்னக் குழந்தைகள்தான். பல நாளுக்கு முன்பே குறித்த நேரம் நான்கு வயதுக் குழந்தையின் மனத்துக்கு ஒத்துவராது. அதற்கு இரண்டு மணிக்குத் தூக்கம் வரும். தண்ணீர் பீய்ச்சும் இடத்தைக் கண்டால் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிடும். நேற்றுவரை பிடித்த இளவரசியை இன்று பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். உயரமும் ஒரு நிபந்தனை. டிஸ்னிலாண்டின் ஸ்பேஸ் மவுன்டனில் ஏற 40 அங்குலம் வேண்டும். வாசலில் அளவுகோல் பிடித்து நிற்கும் ஊழியரின் முன்னால் குதிகாலை உயர்த்தி நிற்கும் பிள்ளையை எந்தச் செயலியும் முன்கூட்டியே அறியாது. டிக்கெட் புத்தகம் இதையெல்லாம் தாங்கியது: இந்த ரைடு இல்லையென்றால் இன்னொன்று, இப்போது இல்லையென்றால் பிறகு. ‘10.40 முதல் 11.40 வரை’ என்று குறித்த நேரம் இதைத் தாங்காது. குழந்தை நின்று பார்க்க விரும்பும் இடத்திலிருந்து அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாகிறது. பெஞ்சிலிருந்து எழுந்து பெற்றோரும் குழந்தைகளோடு மகிழ வேண்டும் என்று தொடங்கிய இடத்தில், பெற்றோரில் ஒருவர் நாள் முழுக்க மொபைலைப் பார்த்தபடி நடக்கிறார்.

பழைய பூங்காக்களை நான் பொற்காலமாகக் காட்டுவதாகத் தோன்றினால், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். திட்டமில்லாமல் கிளம்பிப் போகும் உரிமை அன்று எல்லாருக்கும் இருக்கவில்லை. குடும்பங்களைக் காக்க என்று எழுப்பிய அதே வேலிகள் அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பினக் குடும்பங்களை வெளியே நிறுத்தின. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்துவிட்டு ஃபன்டவுன் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்கும் ஆறு வயது மகளிடம், நிறத்தின் காரணமாக அது நமக்குத் திறக்காது என்று விளக்க நேரும் தகப்பனின் நிலையை எழுதினார். குழந்தையின் ஆசையைத் தூண்டும் தொலைக்காட்சியும் மூடிய வாசலும் அந்த ஒரே இடத்தில் சந்திக்கின்றன. பால்டிமோர் அருகே க்வின் ஓக் பூங்காவின் வாசலில் அந்தக் கோடையில் மதத் தலைவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். வாஷிங்டன் பேரணி நடந்த அதே 1963 ஆகஸ்ட் 28-இல்தான் அது எல்லாருக்கும் திறந்தது. அன்று ஒரு வயதுகூட நிரம்பாத கறுப்பினக் குழந்தை ஒன்று தந்தையோடு ஏறிய குடைராட்டினம் பின்னாளில் தலைநகரின் நேஷனல் மாலுக்கு வந்தது. ஆகவே கடந்த காலத்துக்கே திரும்பிவிடலாம் என்பது என் வாதமல்ல. வாசலில் யாரை எந்த நிபந்தனையில் விடுவது என்பது எப்போதுமே சிலர் கூடி எடுத்த முடிவு, போராடியபோது மாறியிருக்கிறது. இன்றைய நிபந்தனைகளையும் இயற்கை விதியாக ஏற்க வேண்டியதில்லை.

வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வரும் மேஜிக் கிங்டம் போன்ற பூங்காவில் வேறு வழியே கிடையாது என்பது கடைசி மறுப்பு. பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க்கில் 1926 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் கனோபல்ஸ் பூங்காவில் இன்றும் வண்டி நிறுத்தவும் உள்ளே போகவும் கட்டணமில்லை. ஏறுகிற ரைடுக்கு மட்டும் சீட்டு. ராட்டினத்தில் ஏறாத பாட்டிக்கு ஒரு சென்ட்டும் செலவில்லை. அது சிறிய பூங்கா, டிஸ்னிக்குப் பொருந்தாது என்று சொல்லலாம்; ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் டிஸ்னி தன் வேலிக்குள் செய்ததையே பார்ப்போம். 2012-இல் மேஜிக் கிங்டமில் டம்போ ராட்டினத்தை இரண்டாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் 16 யானைகள். வரிசை இருந்த இடத்தில் குளிரூட்டிய சர்க்கஸ் கூடாரம் அமைத்து, சறுக்குமரமும் ஏறி விளையாடும் வலைகளும் வைத்து, பெற்றோர் கையில் ஒரு பேஜரைக் கொடுத்தார்கள். முறை வந்தபோது அது அதிர்ந்தது. அதுவரை பிள்ளைகள் விளையாட முடிந்தது. காத்திருப்பைப் பூங்காவே சுமந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதே 2012-இல் டிஸ்னியின் கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவைச் சுமார் 110 கோடி டாலர் செலவில் புதுப்பித்து, புதிய ரைடுகளோடு ஒரு முழுப் பகுதியையே சேர்த்து முடித்தார்கள். அடுத்த ஆண்டு புளோரிடாவில் தொடங்கிய கைப்பட்டை, செயலி, முன்பதிவு ஏற்பாட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. புதிய ரைடுகள் புதிய கூட்டத்தையும் இழுத்து வரும், வரிசை முழுவதுமாக ஒழிந்துவிடாது என்பது சரிதான். ஆனால் கிட்டத்தட்ட ஒரே தொகையில் ஒன்று குழந்தைகள் உட்கார இருக்கைகளை அமைத்தது. மற்றொன்று ஏற்கெனவே இருந்த இருக்கைகளை 60 நாள் முன்னதாகப் பங்கு போட்டது. எதைக் கட்டுவது என்று ஒரு நிறுவனத்தின் மேசையில் தீர்மானமானது. எந்தப் பெற்றோரிடமும் அதைக் கேட்கவில்லை.